பின்வண்டிக்கு ஓர் ஆள்

பிஸ்கட்டவே
ஜனவரி 12, 2025

அன்புத் தம்பி ஜுஹைருக்கு, அக்கா முனவ்வராவின் சலாம். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அஃப்சானாவும் மகள் மஹாவும் சுகமா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் குறுக்கே பேச முடியாது.

போன வாரம் அத்தாவைக் காது டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது 287 ஃப்ரீவேயில் எங்கள் மினிவேன் நின்றுவிட்டது. எஞ்சின் போய்விட்டதாம். மச்சான் டோ டிரக்கைக் கூப்பிட்டார். வந்தவன் வண்டியைத் தன் டிரக்கின் மேல் ஏற்றக் கொக்கியை மாட்டினான். எங்களை முன்பக்கம் ஏறச் சொன்னான். திரும்பிப் பார்த்தால் அத்தாவைக் காணோம். மினிவேனில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"அத்தா, இறங்குங்க. அவன் வண்டிய ஏத்தணும்."

"ஏத்தட்டும். நான் பாத்துக்கிறேன்."

"உள்ள ஆள் இருந்தா ஏத்த மாட்டானாம் அத்தா!"

"ஆள் இல்லாம எப்படிடி இழுப்பான்? எந்த மடையன் இவனுக்கு வேலை சொல்லிக் குடுத்தான்?"

ஃப்ரீவே ஓரத்தில், அந்தக் குளிரில், காது கேட்காத மனிதரிடம் நான் கத்துகிறேன். போகிற கார்களெல்லாம் மெதுவாகி எங்களைப் பார்த்துவிட்டுப் போகின்றன. கடைசியில் போலீஸ் வந்தது. அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் அத்தா ஸ்டியரிங்கை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் இறக்கினார்கள். மணிக்கட்டு கன்றிப்போயிற்று. காலி வண்டி மேலே ஏறியபோது அத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் யாரையோ கொன்றுவிட்ட மாதிரி.

மறதி நோயின் தொடக்கம் என்கிறார் குடும்ப டாக்டர். மச்சானுக்கு பிரஷர். எனக்கு லேப் வேலை. ஒன்பது வருடமாக நான்தான் பார்க்கிறேன், உனக்கே தெரியும். எடிசன் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. ஹலால் சாப்பாடு உண்டாம். மே மாதம் ஓர் இடம் காலியாகிறது. நீ அழைத்துக்கொள்வதாக இருந்தால் அதற்குள் சொல். இல்லையென்றால் சேர்த்துவிடப் போகிறேன். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

அவருக்கு ஒரு வரி எழுது. காது போன பிறகு அவருக்குக் கடிதம்தான் பேச்சு.

துஆவை மறக்காத
அக்கா

*

சான் ஹோசே
ஜனவரி 22, 2025

அக்காவுக்கு, ஜுஹைர் எழுதுவது. உன் வீட்டில் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும். முதுகுவலி இருக்கிறது. அது ஒன்றுதான் என்னை விட்டுப் போகவில்லை. மஹா வேறு மாநிலத்தில், ரிச்சர்ட்சனில் காலேஜ் முதல் வருடம். துணைக்கு அஃப்சானாவும் அங்கே இருக்கிறாள். அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

உன் டாக்டரிடம் சொல், இது புது நோயல்ல. 1999இலேயே இருந்தது.

நீ மறந்திருக்க மாட்டாய். என் நிக்காஹ். உத்தமபாளையத்திலிருந்து குமுளிக்குப் புறப்பட்டோம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது நான் இருந்த வேன் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஜீப்பில் எல்லோரும் அடைத்துக்கொண்டு ஏறினோம். மாப்பிள்ளை நான், மூன்று பேர் மடியில் உட்கார்ந்து போனேன். அத்தா மட்டும் ஏறவில்லை. "நீங்க போங்க, நான் வண்டியோட வரேன்" என்றார். வாடகை வேன், அக்கா. நம்முடையதுகூட இல்லை. ஒரு லாரிக்காரன் அதைக் கீழே லோயர் கேம்ப்புக்கு இழுத்துக்கொண்டு போக, இவர் அதில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு, என் நிக்காஹ்வுக்கு எதிர்த்திசையில் போனார்.

நிக்காஹ் ஓத வேண்டிய ஹஸ்ரத் காத்திருந்தார். அஃப்சானாவின் பெரியத்தா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு அத்தா இருக்காரா, இல்ல அதையும் வாடகைக்குப் புடிக்கணுமா?" ஜமாஅத்தே சிரித்தது. அத்தாவுடைய காதுதான் கெட்டுப்போயிற்று. என் காதில் அந்தச் சிரிப்பு இன்னும் நன்றாகக் கேட்கிறது. பிரியாணி முடிந்து கை கழுவும் நேரத்தில் வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸோடு வந்து எனக்குக் கை கொடுத்து முஸாஃபஹா செய்தார். ஒரு சொல் விளக்கம் இல்லை. இன்றுவரை இல்லை.

பட்டாளத்தில் இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறை வந்தார். வந்தாலும் எதிர்வீட்டு ஸ்கூட்டரைத்தான் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பரீட்சையில் முதல் வகுப்பில் பாஸானேன் என்று நான் எழுதிய கடிதத்துக்கு என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லிப் பதில் எழுதினார். செத்த வண்டிகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை உயிரோடு இருந்த பிள்ளைகள் மேல் இல்லை. இப்போது அதற்கு ஒரு மருத்துவப் பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்பது வருடம் நீ பார்த்தாய். உண்மை. அதைக் கடிதத்துக்கு ஒருமுறை எனக்குச் சொல்ல வேண்டாம். ஆபீஸில் நெருக்கடி. என்னால் அழைத்துக்கொள்ள முடியாது. இல்லம் நல்ல யோசனைதான்.

மச்சானுக்கு என் சலாம்.
ஜுஹைர்

*

பிஸ்கட்டவே
6-2-2025

மகன் ஜுஹைருக்கு அத்தா முகம்மது ஹசன் துஆவுடன் எழுதுவது. நான் நலம். நீயும் பேத்தியும் மருமகளும் நலமாக இருக்க அல்லாஹ் போதுமானவன்.

நீ முனவ்வராவுக்குக் கடிதம் போட்டாய் என்று தெரிந்தது. என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே பனி. கால் வலி உண்டு. சாப்பாடு சரி. மணிக்கட்டில் லேசான வலி. எப்படி வந்தது என்று நினைவில்லை.

உன் கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது? எண்ணெய் மாற்றுகிறாயா? பழைய வண்டி என்று மஹா சொன்னாள். பழைய வண்டி நல்லது. சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் நிற்கும்.

துஆ செய்.
அத்தா

*

சான் ஹோசே
பிப்ரவரி 17, 2025

அத்தாவுக்கு, ஸலாம். கடிதம் கிடைத்தது. நான் நலமே.

கார் நூற்று எண்பதாயிரம் மைல் ஓடிவிட்டது. குளிரில் கிளப்பினால் முன்பக்கம் ஒரு சத்தம் வருகிறது. இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். என்னுடையதுக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

மணிக்கட்டு வலி எப்படி வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறது. எனக்கு எழுதிய கையெழுத்தில் ஒரு கோணல் இல்லை. நான் படித்த காலத்துச் சைக்கிள் செயினையே இன்னும் மறக்காதவர் நீங்கள். அக்கா உங்களை இல்லத்தில் சேர்க்கப் போகிறாள். "எனக்கு ஒன்றுமில்லை, இந்தக் காரணத்தால்தான் உட்கார்ந்தேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் யோசித்திருப்பாள். ஏன் சொல்லவில்லை? 287இல் ஏன் உட்கார்ந்தீர்கள்? குமுளி மலையில் ஏன் உட்கார்ந்தீர்கள்? அன்று வேனா நானா என்று வந்தபோது வேன் என்று ஏன் முடிவு செய்தீர்கள்?

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இதைத் தெரிந்துகொள்ளும் வயதுதான்.

ஜுஹைர்

*

பிஸ்கட்டவே
19-3-2025

மகன் ஜுஹைருக்கு, அத்தா ஸலாமுடனும் துஆவுடனும். பதில் தாமதம். நோன்பு. டாக்டர் வேண்டாம் என்றார். ஒன்று விட்டு ஒன்று வைக்கிறேன். முனவ்வராவின் கஞ்சியில் உப்பு இல்லை. சொன்னால் பிரஷர் என்கிறாள். பிரஷர் அவள் புருஷனுக்கு, எனக்கில்லை.

நீ கேட்டது. செத்த வண்டியை இழுக்கும்போது முன்னால் ஓட்டுகிறவன் மட்டும் போதாது. பின்வண்டிக்கும் ஓர் ஆள் வேண்டும். கயிறு இழுக்கிற பக்கம் வண்டி வராது, சரிவு இழுக்கிற பக்கம் போகும். பிரேக் இருக்காது. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருவன் உள்ளே இருந்தே ஆக வேண்டும். பட்டாளத்து ரெக்கவரி வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். இந்த ஊரில் வண்டியைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு போகிறார்கள், ஆள் தேவையில்லை என்று எனக்கும் தெரியும்.

1999 பற்றிக் கேட்டாய். அன்றும் சரிவு இருந்தது.

இல்லம் நல்ல இடம் என்று முனவ்வரா சொல்கிறாள். அவள் கஷ்டப்படக் கூடாது.

அத்தா

*

பிஸ்கட்டவே
ஏப்ரல் 4, 2025

தம்பிக்கு, பெருநாள் வாழ்த்தோடு அக்கா எழுதுவது. நீ போன் பண்ணுவாய் என்று அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். அஃப்சானா பேசினாள். மஹா அத்தாவுக்கு வீடியோவில் "ஈத் முபாரக் நன்னா, ஐ மிஸ் யூ" என்று கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை, ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த மினிவேனை மச்சான் இன்னும் விற்கவில்லை, எங்கள் டிரைவ்வேயிலேயே நிற்கிறது. நான் லேபிலிருந்து வரும்போதெல்லாம் அத்தா அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் சீட்டில். "குளுருதே அத்தா, உள்ள வாங்க" என்றால், "நீ போ" என்கிறார்.

நேற்றுக் கிட்டே போய்க் காது கொடுத்துக் கேட்டேன். தன் சால்வையை எடுத்துப் பக்கத்து சீட்டுக்குப் போர்த்தியிருக்கிறார். அந்தக் காலி சீட்டைப் பார்த்துப் பேசுகிறார். "இன்னும் கொஞ்ச தூரம்தான். வந்துட்டோம். இன்னும் கொஞ்ச தூரம்தான்." ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல், ஜுஹைர். அந்தக் குரலில் அவர் உன்னிடமோ என்னிடமோ பேசி நான் கேட்டதில்லை. சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

மே மாதத்துக்குச் சரி என்று இல்லத்தில் சொல்லிவிட்டேன். நீ என்னைத் திட்ட வேண்டாம், நானே திட்டிக்கொள்கிறேன்.

அக்கா

*

சான் ஹோசே
ஏப்ரல் 11, 2025

அத்தாவுக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவு என்ற பதில் எனக்குப் போதாது. 287இல் நீங்கள் நின்ற இடத்தில் சரிவு கிடையாது. உங்கள் டிரைவ்வேயிலும் கிடையாது.

நான் எஞ்சினியர். நீங்கள் என்னை ஆக்கியதுதான், நான் கேட்டு ஆனதில்லை. அதனால் எஞ்சினியராக ஒரு கேள்வி. பின்வண்டிக்காரனுக்கு வேலை முன்னால் இருக்கிறது. அவன் கயிற்றைப் பார்க்க வேண்டும், முன்வண்டியைப் பார்க்க வேண்டும். நீங்கள் வலது பக்கம் பார்க்கிறீர்களாம். வலது பக்க சீட்டுக்குச் சால்வை போர்த்துகிறீர்களாம். நம்மூர் வண்டியில் வலது பக்கம் டிரைவர்தான் உட்காருவான்.

அத்தா, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஜுஹைர்

*

பிஸ்கட்டவே
2-5-2025

மகன் ஜுஹைருக்கு அத்தா எழுதுவது. ஸலாம். நான் நலம். நீ நலமாக இரு.

உன் கேள்விக்கு இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கவில்லை.

அறுபத்திரண்டு சண்டை முடிந்தது. எதிரி தானாகத் திரும்பிப் போனான். அதன் பிறகு எங்களை மறுபடி மேலே அனுப்பினார்கள். வடகிழக்கு எல்லையில், தேஜ்பூரிலிருந்து ஏறும் பாதை. கீழே மூங்கில் காடு, அட்டை. மேலே பனி. எனக்கு இருபத்தொரு வயது. எங்கள் ஃபீல்டு ஒர்க்‌ஷாப் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்தது. பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளை விஞ்ச் போட்டு, கம்பிவடத்தால் சுற்றி இழுத்துப் பாதைக்கு ஏற்றி, ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வருவது எங்கள் ரெக்கவரி பார்ட்டியின் வேலை. ஓடக்கூடியதை ஓட வைப்போம். ஓடாததைப் பிரித்து அடுத்த வண்டிக்குப் போடுவோம். பின்வாங்கி வரும்போது பாதையை அடைத்த வண்டிகளை நம் ஆட்களே தள்ளிவிட்டிருந்தார்கள். அதனால் கிடப்பதெல்லாம் காலி வண்டி என்றுதான் நினைத்தோம்.

ஒரு த்ரீ டன்னர் லாரி மரங்களுக்கு நடுவே நிமிர்ந்தபடி நின்றது. அது காலியாக இல்லை. டிரைவர் இருந்தான். குளிர் அவனை அப்படியே வைத்திருந்தது. முன்பக்கம் நசுங்கி அவன் காலைப் பிடித்திருந்தது. வெட்டி எடுக்க வேண்டிய கேஸ் கட்டர் கீழே ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஹவில்தார், அப்படியே இழுங்கள், கீழே போய் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பின்வண்டிக்கு ஆள் கேட்டார். யாரும் முன்னால் வரவில்லை. நான்தான் பார்ட்டியில் சின்னவன். என்னை ஏற்றினார்கள்.

ஸ்டியரிங் வலது பக்கம், அவன் மடிக்கு மேல். நான் இடது பக்கம் உட்கார்ந்து, அவனுக்குக் குறுக்கே இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவன் என் மேல் சாய்ந்தான். முதலில் தள்ளினேன். பிறகு தள்ளவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். தமிழில்தான் சொன்னேன். அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. சொல்லாவிட்டால் நான் கையை விட்டிருப்பேன்.

கீழே வந்து அவனை இறக்கினார்கள். அவன் பெயர் தெரியும். எழுத மாட்டேன். எஞ்சினுக்குப் பெரிய பழுதில்லை. முன்பக்கத்தை நிமிர்த்தி, சீட்டை மாற்றி, திருப்பி அனுப்பினோம். ஓடியது. புதிதாக வந்த டிரைவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காலியாக ஒரு வண்டி இழுபட்டுப் போவதை என்னால் பார்க்க முடிவதில்லை. காலிதானா என்று தோன்றும்.

உன் நிக்காஹ். நேரம் எனக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேன் டிரைவரும் உங்களோடு ஜீப்பில் ஏறிவிட்டான். ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இழுத்துவிடுகிறேன் என்றான் லாரிக்காரன். அதைப் பார்த்துவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

உன் அம்மாவுக்கு இது தெரியாமலே போனாள். முனவ்வராவுக்கும் வேண்டாம். முதலில் அழுவாள், பிறகு எல்லோரிடமும் சொல்வாள்.

குளிரில் கிளப்பும்போது சத்தம் என்று எழுதியிருந்தாய். வாட்டர் பம்பாக இருக்கும். தள்ளிப்போடாதே.

அத்தா

*

சான் ஹோசே
மே 9, 2025

அக்காவுக்கு ஸலாம். உன் உடம்பும் மச்சான் உடம்பும் தேவலையா?

அத்தாவை இல்லத்தில் சேர்க்காதே. நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். இம்மாதக் கடைசிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். காரணம் கேட்காதே, எழுத முடியாது. எனக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்றும் நினைக்காதே.

ஆபீஸ் நெருக்கடி என்று எழுதியிருந்தேன். ஆபீஸே இல்லை. போன நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். என் கீழே இருந்த மாதவ் என்ற பையன்தான் வேலையிலிருந்து எடுத்த கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினான். நான் இன்டர்வியூ பண்ணி எடுத்த பையன். அவன் பெயரை என்றைக்கும் மறக்க மாட்டேன். வேலை இல்லாததால் பகலில் வீட்டில் ஆள் இருக்கும். அத்தாவுக்கு அது வசதி.

அஃப்சானா மஹாவுக்குத் துணையாகப் போகவில்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

ஜுஹைர்

*

பிஸ்கட்டவே
மே 16, 2025

அடேய் ஜுஹைர், ஸலாம்.

அஃப்சானா உன்னைப் பிரிந்து போனதைப் பெருநாளன்றே சொல்லிவிட்டாள். நீயாக எழுதுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். வேலை போனதுதான் தெரியாது. ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறாயே, நீ யார் பிள்ளை என்று கேட்கத் தேவையில்லை.

அவளோடு எப்படிக் கோபித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. "எதைச் சொன்னாலும் பழசை எடுத்து வச்சுக்கிறாரு அண்ணி, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். பொய் சொல்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்கு என்ன எழுதினார் என்று அத்தாவிடம் கேட்டேன். "வாட்டர் பம்பப் பத்தி" என்கிறார். வாட்டர் பம்புக்காகவா நீ டிக்கெட் போட்டாய்? சரி, கேட்கவில்லை.

காலையில் சுகர் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன். இடது காதில் பேசினால் கொஞ்சம் கேட்கும். கஞ்சிக்கு உப்பு கேட்பார், போடாதே. இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடம் போனால் திரும்பக் கிடைக்காது என்றார்கள். பாதியில் திருப்பி அனுப்பிவிடாதே தம்பி. அதை மட்டும் அவர் தாங்க மாட்டார்.

அக்கா

*

சான் ஹோசே
செப்டம்பர் 21, 2025

அக்காவுக்கு, ஜுஹைர் ஸலாமுடன் எழுதுவது. அத்தா நலம். சுகர் கட்டுக்குள் இருக்கிறது. என் முதுகு அப்படியே. உன் கை மரத்துப்போவதாக எழுதியிருந்தாயே, டாக்டரைப் பார்த்தாயா?

நான்கு மாதமாக வாரம் ஒருமுறை எழுத நினைத்து எழுதவில்லை. நாங்கள் இருவரும் ஒரு வீட்டில் இருப்பது சுலபமில்லை. நான் கஞ்சிக்கு உப்பு போடுவதில்லை, அவர் என்னைத் திட்டாத நாளில்லை. நான் வேலைக்கு அப்ளை பண்ண உட்கார்ந்தால் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஸ்க்ரூ புடிக்கத் தெரிஞ்சா எவன் உனக்கு வேலை இல்லேம்பான்?" என்கிறார். ஒரு நாள் நானும் கத்திவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே டீ போட்டு வைத்திருந்தார், சர்க்கரையை அள்ளிக் கொட்டி.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜும்ஆ தொழுதுவிட்டு வரும்போது 680 ஃப்ரீவேயில் பெரியெஸ்ஸா எக்ஸிட் பக்கம் என் கார் நின்றது. பானட்டிலிருந்து ஆவி. வாட்டர் பம்ப். தள்ளிப்போடாதே என்று அவர் எழுதியதை நான் தள்ளிப்போட்டிருந்தேன். "சொன்னேன்ல" என்றார்.

டோ டிரக் வந்தது. நான் இறங்கிப் போய் டிரைவரிடம் பேசினேன். திரும்பும்போது பார்க்கிறேன், அத்தா என் சீட்டுக்கு நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நீ எழுதியது நினைவுக்கு வந்தது, விரல் விரலாகப் பிரித்தார்கள் என்று. டோ டிரைவர் தலையை ஆட்டினான். "சார், நோபடி இன் த கார். ஐ கேன் லூஸ் மை லைசென்ஸ்." அவனுக்கு என் வயதுதான் இருக்கும். பத்து நிமிடம் கொடு என்றேன். எதற்கு என்று கேட்டான். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் டிரக்கில் சாய்ந்து நின்றான்.

நான் சுற்றிப் போய் வலது பக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் டிரக்கையே பார்த்தார். கொக்கி இன்னும் மாட்டவில்லை, கார் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனாலும் அவர் கை ஸ்டியரிங்கில் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் கார் குலுங்கியது. எங்கே வளைகிறார் என்று எனக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அப்படி ஒரு வளைவில் நான் இலேசாகச் சாய்ந்திருப்பேன் போலிருக்கிறது. என் தோள் அவர் தோளில் பட்டது. அவர் தள்ளவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார்.

நீ சொன்ன அந்தக் குரல்தான், அக்கா. நம் இருவரிடமும் அவர் பேசாத குரல். என்னிடம்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. "சரி அத்தா" என்று அவர் இடது காதுக்கு எட்டும்படி கத்தவும் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்து மூன்று வருடத்தில் அவரும் நானும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தது அது ஒன்றுதான்.

டோ டிரைவர் ஹாரன் அடித்தான். பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். நான் அவர் கையைத் தொட்டு, "வந்துட்டோம் அத்தா. ஒர்க்‌ஷாப் வந்துருச்சு" என்றேன்.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி இன்னும் கொக்கியே மாட்டலடா. என்னைப் பைத்தியம்னு நினைச்சியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஸ்டியரிங்கையும் விடவில்லை.

அப்போது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. பேசுவதை நிறுத்திவிட்டு என் பக்கக் கதவைத் திறந்தேன். காலை ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். முதுகுவலியில் எப்போதும் மெதுவாகத்தான் இறங்குவேன், அன்று இன்னும் மெதுவாக இறங்கினேன். இரண்டு காலிலும் நின்றேன். கதவைச் சாத்தவில்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் முகத்தை இல்லை, என் கால்களை. பிறகு காலியாகிவிட்ட அந்த சீட்டை. இருக்கையில் கையை வைத்து ஒரு முறை தடவினார். அதில் யாரும் இல்லை என்று கையாலும் பார்த்துக்கொண்டார்.

பிறகு தானாகவே ஸ்டியரிங்கை விட்டார். யாரும் பிடிக்காமல் இறங்கினார். டோ டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டி, "இப்ப இழு" என்றார். அவனுக்குத் தமிழ் தெரியாது. புரிந்துகொண்டான். காலி கார் மேலே ஏறுவதை அத்தா கடைசிவரை நின்று பார்த்தார்.

டிரக்கின் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். வழியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குமுளியில அன்னைக்கு அந்தப் பெரியத்தா என்ன சொன்னாரு?" நான் சொன்னேன். அவர் இடது காதில், சத்தமாக, வார்த்தை மாறாமல். டோ டிரைவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான். அத்தா தலையை ஆட்டினார். "கேக்கணும்தான் அவரு" என்றார்.

1999ஐ நான் மன்னித்துவிட்டேன் என்று நீ யாரிடமும் சொல்லாதே. அதைப் பற்றி நான் இன்னும் யோசிக்க வேண்டும். அஃப்சானாவுக்கும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பழசு எதையும் எடுக்காமல் எழுத முயல்கிறேன். அதனால் இதுவரை ஸலாம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

ஏன் நான் இறங்கியதும் அவர் இறங்கினார் என்று நீ கேட்பாய். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு.

நீ வந்தால் மினிவேனில் அவர் விட்டுவந்த சால்வையைக் கொண்டு வா. இங்கே காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது. கேட்கிறார்.

உன் தம்பி
ஜுஹைர்